வழி தவறி வந்த பாட்டி குறித்து ஒரு திருத்தம்

பெருமதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

இரண்டாம் கட்டடம் ஐந்தாம் மாடியில் குடியிருப்பவள் எழுதிக்கொள்வது. நான் நலம். தாங்களும் தங்கள் வீட்டாரும், தங்கள் பொறுப்பில் இருக்கும் தண்ணீர் மோட்டாரும் நலமாக இருக்க வேண்டுகிறேன். தங்களை நான் நேரில் பார்த்ததில்லை. ஆனால் தங்கள் எழுத்தை எட்டு வருடங்களாகப் படித்து வருகிறேன். 'நாளை காலை பத்து முதல் ஒரு மணி வரை தண்ணீர் வராது', 'மாடிக் கதவைத் திறந்து போட்டது யார்?' போன்ற தங்கள் படைப்புகளைப் படிக்கட்டு முனையில் நின்று இரண்டு தடவை படிக்கிற வாசகி நான். தாங்களே ஆசிரியராக இருந்து நடத்தும் குடியிருப்பு மாத இதழையும் கடைசிப் பக்கத்துக் குறுக்கெழுத்து வரை விடாமல் படிப்பேன். அப்படிப்பட்ட இதழில், இந்த மாதம் மூன்றாம் பக்கத்தில், 'சிரிக்க ஒரு செய்தி' என்ற தலைப்பின் கீழ் வந்திருப்பதைப் படித்து நான் சிரிக்கவில்லை. தங்களுக்கு மறந்திருக்கலாம் என்பதால் அப்படியே எடுத்து எழுதுகிறேன்:

'நம் விளையாட்டுக் கூடத்தில் நடந்த மாணவர் வாள்வீச்சுப் போட்டியைக் காணத் தன் பேத்தியுடன் வந்த பாட்டி ஒருவர், வழி தவறிப் போட்டிக் களத்துக்குள் நுழைந்துவிட்டார். ஒயரில் சிக்கித் தவித்த அவரை மாணவர்கள் ஓடிச் சென்று பத்திரமாக மீட்டனர். மூத்தோரைக் காக்கும் இளைய தலைமுறை வாழ்க!'

ஐயா, இதில் அந்த 'வாழ்க' ஒன்றைத் தவிர மற்ற எதுவும் சரியில்லை. நான் பாட்டி இல்லை. பேத்தி வேண்டுமென்றால் அதற்கு முன்னால் ஒரு மகளோ மகனோ வேண்டும், அதற்கும் முன்னால் வேறு சில ஏற்பாடுகள் வேண்டும், அவையெல்லாம் அந்தந்த வயதில் பல காரணங்களால் தள்ளிப் போய்த் தள்ளிப் போய் ஒரு கட்டத்தில் தள்ளுவதற்கே ஒன்றும் இல்லாமல் போயிற்று. அது தனிக் கதை. நான் வழியும் தவறவில்லை. அந்தக் கூடத்துக்குச் செவ்வாயும் வெள்ளியும் மாலை ஆறு மணிக்கு எட்டு மாதமாகப் போய்க்கொண்டிருக்கிறேன், கண்ணைக் கட்டி விட்டாலும் சரியாகப் போய்ச் சேருவேன். நான் வேடிக்கை பார்க்கவும் வரவில்லை. நான் போட்டியாளர். எண் பன்னிரண்டு. தாங்கள் அச்சிட்டிருக்கும் படத்தில் வெள்ளை உடையில் இருக்கும் உருவத்தின் முதுகை உற்றுப் பார்த்தால் அந்த எண் தெரியும். வேடிக்கை பார்க்க வருகிற எந்தப் பாட்டி ஐயா முதுகில் எண் ஒட்டிக்கொண்டு வருவாள்?

முதலிலிருந்து சொல்கிறேன். ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் பரிசோதனைக் கூடத்தில், ரத்தம் எடுக்கும் அறையில், முப்பத்து மூன்று வருடம் வேலை பார்த்தவள் நான். சட்டைக் கையை மடிக்கச் சொல்லி, ரப்பர் பட்டையைக் கட்டி, முழங்கை மடிப்பில் நரம்பைத் தடவிப் பார்த்து, 'லேசா எறும்பு கடிச்ச மாதிரி இருக்கும், அவ்வளவுதான்' என்று சொல்லிக்கொண்டே ஊசியை இறக்குவேன். சொல்லி முடிப்பதற்குள் வேலை முடிந்திருக்கும். ஒரு தடவைக்கு மேல் யாரையும் குத்தியதில்லை. பதினான்கு மாதம் முன்பு ஓய்வு பெற்றேன். முதல் மாதம் வீட்டைச் சுத்தம் செய்தேன். இரண்டாம் மாதம் சுத்தமாக இருந்த வீட்டைச் சுத்தம் செய்தேன். ஐந்தாம் மாதமோ ஆறாம் மாதமோ, ஒரு நாள் கீழே கடைக்குப் போய், 'பால் பாக்கெட் ரெண்டு' என்று கேட்க வாயைத் திறந்தால் சத்தம் வரவில்லை. காற்றுதான் வந்தது. கடைக்காரர் பயந்து போய், 'தொண்டை கட்டிருக்கா? தண்ணி குடிங்கம்மா' என்று பாட்டிலை நீட்டினார். தொண்டையெல்லாம் ஒன்றும் கட்டவில்லை. படியேறி வரும்போது எண்ணிப் பார்த்தேன். நாலு நாளாக நான் யாரிடமும் ஒரு வார்த்தையும் பேசவில்லை, குரல் புழங்காத கதவு மாதிரி இறுகிக் கிடந்திருக்கிறது.

அன்று சாயங்காலமே விளையாட்டுக் கூடத்து வாசல் பலகையைப் பார்த்தேன். தையல் வகுப்பு நிரம்பிவிட்டது. யோகா வகுப்பில் கண்ணை மூடிக்கொண்டு பேசாமல் உட்கார வேண்டும் என்று போட்டிருந்தது, அதை நான் வீட்டிலேயே தேவைக்கு மேல் செய்கிறேன். மூன்றாவதாக, 'வாள்வீச்சு, தொடக்கநிலை. வயது ஒன்பதுக்கு மேல்' என்று இருந்தது. எனக்கு ஒன்பதுக்கு மேல் ஆகிறது. உள்ளே போனேன். கோச் முப்பது வயதுப் பையன், இடது முழங்காலில் பட்டை. பகலில் மூக்குக் கண்ணாடிக் கடையில் வேலை.

"வாங்கம்மா. யாரைச் சேர்க்கணும்?"

"என்னைத்தான்."

"இல்லம்மா, குழந்தை பேரு?"

"குழந்தைன்னா… எங்க அம்மாவுக்கு நான் ஒரே குழந்தை."

 அவர் வாசல் பலகையை எட்டிப் பார்த்தார். மேல் வரம்பு போடாதது அவர் தப்புதான் என்று அவருக்கே தெரிந்துவிட்டது. விண்ணப்பத்தை நீட்டினார். எல்லாம் நிரப்பினேன். அடியில் 'பெற்றோர் அல்லது பாதுகாவலர் கையொப்பம்' என்று இருந்தது. அதை என்ன செய்வது என்று அவருக்கும் தெரியவில்லை. கடைசியில் மாணவி என்ற இடத்தில் ஒரு கையெழுத்தும் பாதுகாவலர் என்ற இடத்தில் இன்னொரு கையெழுத்தும் நானே போட்டேன். என்னை நானே கூட்டிக்கொண்டு போய்ச் சேர்த்தேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

வகுப்பில் என்னைச் சேர்த்துப் பன்னிரண்டு பேர். மற்ற பதினொரு பேரும் ஒன்பதிலிருந்து பதினாலு வயது வரை. முதலில் என்னை 'மேடம்' என்றார்கள், பிறகு ஆன்ட்டி, என் தொழில் தெரிந்த பிறகு ஒரேயடியாக 'ஊசி ஆன்ட்டி'. கேலிப் பெயர்தான். ஆனால் என்னைப் பெயர் சொல்லியோ பட்டப்பெயர் வைத்தோ யாராவது கூப்பிட்டுப் பல நாள் ஆகியிருந்ததால் அந்தப் பெயரை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டேன்.

இந்த விளையாட்டைப் பற்றித் தங்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். சண்டை தொடங்குவதற்கு முன்னால் எதிரில் நிற்பவரைக் கண்ணுக்கு நேராகப் பார்த்து, வாளை முகத்துக்கு முன் தூக்கி வணங்க வேண்டும். முடிந்த பிறகு, ஜெயித்தாலும் தோற்றாலும், முகமூடியைக் கழற்றி, கையுறையைக் கழற்றி, கை குலுக்க வேண்டும். வெறும் கையோடு வெறும் கை. ஆஸ்பத்திரியில் ஒரு நாளைக்கு நூறு கைகளாவது என் கைக்குள் வந்து போகும். சூடான கை, வியர்த்த கை, நடுங்குகிற கை, குழந்தைக் கை. ஓய்வு பெற்ற அன்று பெரிய டாக்டர் கை குலுக்கியதுதான் கடைசி. அதற்கு ஆறு மாதம் கழித்து என் கையைப் பிடித்தவன் எங்கள் வகுப்பில் ஓயாமல் தும்முகிற ஒரு பையன். ஐந்துக்கு சைபர் என்று என்னைத் தோற்கடித்துவிட்டு, மூக்கைத் துடைத்த அதே கையை நீட்டினான். வீட்டுக்கு வந்து வெகு நேரம் அந்தக் கையை நான் கழுவவில்லை. சுகாதாரத் துறையில் இருந்தவள் எழுதுகிற வரி இல்லை இது, இருந்தாலும் எழுதிவிட்டேன், இருக்கட்டும்.

விளையாட்டு எனக்கு வரவில்லை. காரணம் இரண்டு. ஒன்று, பாயும்போது என் வாய் தானாக 'லேசா எறும்பு கடிச்ச மாதிரி இருக்கும்' என்று சொல்லிவிடும். எறும்பு என்றதுமே எதிராளி விலகிவிடுவான். 'சொல்லிட்டுக் குத்துற ஒரே ஆள் நீங்கதான் ஆன்ட்டி' என்று கோச் தலையில் கை வைத்துக்கொள்வார். இரண்டாவது காரணம் இன்னும் மோசம். எங்கள் வகை வாளில் உடம்பைத் தொட்டால்தான் புள்ளி. வெள்ளி நிற மேல்சட்டை மூடியிருக்கும் இடத்தில் பட்டால் சிவப்போ பச்சையோ விளக்கு எரியும். கை, கால், தலை எல்லாம் கணக்கில் இல்லை, அங்கே பட்டால் வெள்ளை விளக்கு எரிந்து ஆட்டம் நிற்கும், அவ்வளவுதான். என் வாள் நுனி எங்கே போகும் என்று தங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. முழங்கை மடிப்பு. முப்பத்து மூன்று வருடம் போன இடம். எட்டு மாதம் கோச் தொண்டை கட்டக் கத்தினார், 'கையை விடுங்க ஆன்ட்டி, உடம்புக்கு வாங்க!' என்று. மூளைக்குப் புரிகிறது, கைக்குப் புரியவில்லை.

இப்படியிருக்க, பருவம் முடிகிற போட்டி வந்தது. 'உங்கள் சார்பில் பார்வையாளர்கள் எத்தனை பேர்?' என்று ஒரு தாள் கொடுத்தார்கள். சைபர் என்று எழுதலாம். ஆனால் எனக்கு முன்னால் தாளை நிரப்பியவன் ஆறு என்று எழுதியிருந்தான். நான் இரண்டு என்று எழுதினேன். ஒன்று என்றால் பரிதாபமாக இருக்கும், மூன்று என்றால் பேராசை. அதன் பலனாகப் போட்டி அன்று காலை முதல் வரிசையில், என் எண் ஒட்டிய இரண்டு நாற்காலிகள் என்னைப் பார்த்துக்கொண்டு காலியாக உட்கார்ந்திருந்தன. கூடம் நிரம்ப நிரம்ப, வருகிறவர்கள் எல்லாரும், "இங்க யாராச்சும் வர்றாங்களா?" என்று கேட்க, நான் முகமூடிக்குள்ளிருந்து, "வர்றாங்க, வண்டியை நிறுத்திட்டு வர்றாங்க" என்றேன். அரை மணி நேரமாகவா ஒருத்தர் வண்டியை நிறுத்துவார்? அந்தச் சமயத்தில்தான், இதழுக்குப் படமும் செய்தியும் தருகிற தங்கள் மைத்துனர், கேமராவும் கையுமாக வந்து அதில் ஒரு நாற்காலியில் அமர்ந்தார். "யாரும்மா வர்றாங்க, பேத்தியா?" என்று கேட்டார். அதே நொடியில் ஒலிபெருக்கியில் என் எண்ணைக் கூப்பிட்டார்கள். நான் அவசரத்தில் தலையை ஆட்டிவிட்டு ஓடினேன். ஆக, ஐயா, நேர்மையாகச் சொல்கிறேன், தங்கள் இதழில் வந்த அந்தப் பேத்தியை இந்த உலகத்துக்குக் கொண்டு வந்ததில் எனக்கும் பங்கு உண்டு.

ஆறு ஆறு பேராக இரண்டு குழு. என் குழுவில் ஒவ்வொருவருடனும் ஒரு ஆட்டம், ஐந்து புள்ளி எடுப்பவர் வெற்றி. முதல் ஆட்டம் நாற்பது நொடியில் முடிந்தது. இரண்டாவதில் தும்மல் பையன். நடுவில் அவன் மூன்று தும்மல் தும்ம, நான் வாளை இறக்கி, "எத்தனை நாளா சளி இருக்கு? காய்ச்சல் இருக்கா?" என்று கேட்டேன். அவன் நல்ல பையன், "ரெண்டு நாளா ஆன்ட்டி" என்று பதில் சொல்லிக்கொண்டே குத்திவிட்டான். மூன்றும் போயிற்று, நான்கும் போயிற்று. ஆனால் அந்த நான்காவது ஆட்டத்தில் வெள்ளை விளக்கு மட்டும் எரிந்துகொண்டே இருந்தது. பதினேழு தடவை. நடுவராக வெளியிலிருந்து ஒரு பெண்ணைக் கூப்பிட்டிருந்தார்கள், கல்லூரி மாணவி போல இருந்தாள், சிரிக்கத் தெரியாத முகம், விதிப் புத்தகம் மாதிரியே விறைப்பு. விளக்கு மெஷின் பழுது என்று ஆட்டத்தை நிறுத்திவிட்டாள். கோச் வந்து பார்த்துவிட்டு, "மெஷின் சரியாத்தான் இருக்கு. இவங்க ஒரே இடத்துல குத்துறாங்க" என்று என்னுடன் ஆடியவனின் சட்டைக் கையைத் தூக்கிக் காட்டினார். முழங்கை மடிப்பில் ஒரு பொட்டு அளவுக்கு அழுக்கு. பதினேழும் அதற்குள்தான். கூட்டம் கை தட்டியது. தோற்றதற்குக் கை தட்டு வாங்கியவள் அன்று நான் ஒருத்திதான்.

கடைசி ஆட்டம் ஒரு பெண் குழந்தையுடன். பதினொரு வயது, பல்லுக்குக் கம்பி போட்டிருப்பாள், அதனால் வகுப்பில் அவளுக்குக் கம்பிப்பல் என்று பெயர். பட்டப்பெயர் வைத்திருப்பவர்கள் என்ற முறையில் நாங்கள் இருவரும் ஷூ மாட்டும்போது பக்கத்தில் பக்கத்தில் உட்காருவோம். அவளும் நாலிலும் தோற்றிருந்தாள். முதுகில் ஒயர் மாட்டிக்கொள்ளும்போது என் பக்கம் சாய்ந்து கிசுகிசுத்தாள்.

"ஊசி ஆன்ட்டி, இதுல தோக்குறவங்கதான் கடைசி."

"தெரியுதும்மா."

"என் கிளாஸ் பசங்க மூணு பேரு வந்திருக்காங்க. உங்ககிட்ட தோத்தேன்னா அவ்ளோதான், வருஷம் பூரா ஓட்டுவாங்க."

"சரி விடு, பார்த்துக்கலாம்."

அவள் முகமூடியைத் தூக்கி என்னை முறைத்தாள். "விட்டுக் குடுத்தீங்கன்னா எனக்குத் தெரிஞ்சுடும் ஆன்ட்டி. அப்புறம் உங்ககூட பேசவே மாட்டேன்."

இப்போது சொல்லுங்கள், ஐயா, நான் என்ன செய்வது? விட்டுக் கொடுத்தால் பேச மாட்டாள். ஜெயித்தால் அவள் பள்ளிக்கூடத்தில் தலை காட்ட முடியாது. நான் ஒழுங்காக விளையாடுவது என்று முடிவு செய்தேன். ஒழுங்காக விளையாடினால் எப்படியும் தோற்றுவிடுவேன் என்ற முழு நம்பிக்கை இருந்தது. ஆனால் அவள் இடது கைக்காரி. இடது கைக்காரர்களைக் கோச் தனியாகப் பழக்குவார், அதனால் நான் அவளோடு ஒரு தடவையும் ஆடியதில்லை. என் கை, தான் அறிந்த முழங்கையைத் தேடி அதே கோணத்தில் போயிற்று. அங்கே முழங்கை இல்லை. அவள் நெஞ்சுதான் இருந்தது. பச்சை விளக்கு! வாழ்நாளில் என் முதல் பச்சை விளக்கு. பிறகு அவள் ஒன்று, நான் ஒன்று, அவள் இரண்டு என்று போய், நாலுக்கு நாலு. கூடம் முழுக்கச் சத்தம். கடைசிப் புள்ளி. அவள் அசையாமல் நிற்கிறாள். நான் பாய்ந்தேன். என்ன ஆயிற்றோ, அந்த ஒரு தடவை மட்டும் வாயிலிருந்து எறும்பு வரவில்லை. பச்சை விளக்கு.

நான் முகமூடியைக் கழற்றினேன். வாளைத் தூக்கி வணங்கினேன். கையுறையைக் கழற்றிக் கையை நீட்டினேன். அவள் அந்தக் கையைப் பார்த்தாள். என் முகத்தைப் பார்த்தாள்.  சட்டென்று முதுகு ஒயரைக் கழற்றி வீசிவிட்டுச் சாமான் அறைக்குள் ஓடிவிட்டாள். முப்பத்து மூன்று வருடம் மற்றவர்கள்தான் எனக்குக் கையை நீட்டியிருக்கிறார்கள். நீட்டி நின்று பார்த்தால்தான் தெரிகிறது, நீட்டிய கையை மறுபடி மடக்குவது எவ்வளவு கஷ்டம் என்று. மடக்காமலே அவள் பின்னால் ஓடினேன். ஒயரைக் கழற்ற மறந்துவிட்டேன். அந்த ஒயர் தரையில் ஒரு சுருள் பெட்டியோடு சேர்ந்தது, பெட்டி மேஜை மேலிருக்கும் விளக்கு மெஷினோடு சேர்ந்தது. நான் ஓட ஓடச் சுருள் பிரிந்தது, தீர்ந்தது, பெட்டி கிளம்பியது, மெஷின் கிளம்பியது, மேஜையிலிருந்து விழுந்த சத்தத்தில் கூடமே எழுந்து நின்றது. பிள்ளைகள் ஓடி வந்து என்னைப் பிடித்து, திருப்பி, ஒயரைக் கழற்றிவிட்டார்கள். தங்கள் மைத்துனர் படம் எடுத்தது அந்த நிமிடத்தில்தான். பத்திரமாக மீட்டார்களாம்!

சாமான் அறையில் அவள் பழைய முகமூடிகள் அடுக்கிய அலமாரிக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தாள். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். முழங்கால் இரண்டும் சத்தம் போட்டன.

"சொல்லிட்டுக் குத்தியிருக்கணும், தப்புதான்" என்றேன்.

"நான் அதுக்குத்தான் வெயிட் பண்ணிட்டு இருந்தேன்" என்று விம்மினாள். "எறும்புன்னு நீங்க சொன்னதும் தடுத்துக் குத்திடலாம்னு. நீங்க சொல்லவே இல்ல."

"மறந்துட்டேன்மா."

"கை குடுக்காம வந்துட்டேன் ஆன்ட்டி. கறுப்பு அட்டை காட்டிடுவாங்க. மூணு மாசம் வரக்கூடாதுன்னுடுவாங்க. அம்மா அப்பவே சொன்னாங்க, ஒரு புகார் வந்தாலும் கிளாஸ் கட்டுன்னு."

"இப்போ குடு" என்றேன். குடுத்தாள். வியர்த்த, ஜில்லென்ற, சின்னக் கை. நான் பழக்க தோஷத்தில் நாடி பார்த்துவிட்டேன். படபடவென்று ஓடிக்கொண்டிருந்தது.

வாசலில் நடுவர் வந்து நின்றாள். அவள் தலையைக் குனிந்து புள்ளி எழுதிக்கொண்டிருந்தபோது நடந்த சங்கதி இது, மெஷின் விழுந்த பிறகுதான் நிமிர்ந்திருக்கிறாள். "உங்க ரெண்டு பேர்ல கை குடுக்காம களத்தை விட்டுப் போனது யாரு?" என்று கேட்டாள்.

"நான்தான்" என்றேன்.

பிள்ளை வாயைத் திறந்தாள். ஊசி போடும்போது கையை உதறப் பார்க்கும் குழந்தைகளைப் பார்ப்பேனே, அந்தப் பார்வை ஒன்று பார்த்தேன். வாயை மூடிக்கொண்டாள்.

"ஏன் போனீங்க?"

"ஜெயிச்ச சந்தோஷம் தாங்கலைம்மா."

நடுவர் விதிப்படி சட்டைப் பையிலிருந்து கறுப்பு அட்டையை எடுத்து என் முகத்துக்கு நேரே காட்டினாள். என் ஒரே வெற்றி ரத்தானது. பட்டியலில் என் எண்ணை ஒரு கோடு போட்டு அடித்தார்கள். அதனால்தான் முடிவுப் பட்டியலில் பதினொரு பேர் மட்டும் இருக்கிறார்கள், அதைப் பார்த்துத்தான் தங்கள் மைத்துனர் நான் போட்டியாளரே இல்லை என்று முடிவு கட்டியிருக்கிறார். கூட்டம் கலைந்த பிறகு கோச் உடைந்த மெஷினைக் கையில் வைத்துக்கொண்டு என்னிடம் வந்தார்.

"நான் கண்ணாடிக் கடைக்காரன் ஆன்ட்டி. எனக்குக் கண்ணு நல்லாவே தெரியும்."

"தெரிஞ்சா நல்லது."

"மூணு மாசம் நீங்க வர முடியாது."

"பரவாயில்ல கோச். எனக்கும் வீட்டுல வேலை நெறையக் கிடக்கு" என்றேன். என்ன வேலை என்று அவர் கேட்காதது அவருடைய நல்ல மனசு.

போட்டி முடிந்து வந்த முதல் செவ்வாய்க்கிழமை ஆறு மணிக்கு, கால் சும்மா இருக்கவில்லை. நாற்காலியை ஓரம் தள்ளிவிட்டு, கரண்டியை வைத்துக்கொண்டு, ஃபிரிட்ஜுக்கு எதிரே நின்று வணங்கினேன். முன்னால் இரண்டடி, பின்னால் இரண்டடி, ஒரு பாய்ச்சல். ஃபிரிட்ஜ் எதிர்த்து வணங்கவில்லை என்றாலும் உள்ளே விளக்கு இருக்கிறது என்று ஒரு சமாதானம். மறுநாள் காலை படிக்கட்டு முனையில் தங்கள் புதிய அறிவிப்பு, 'மாலை நேரத்தில் ஐந்தாம் மாடியில் தரையைக் குத்துவது யார்?' என்று. நான்தான் ஐயா. நிறுத்திவிட்டேன். வெள்ளிக்கிழமை ஆறு மணிக்கு ஜன்னலோரம் உட்கார்ந்து கூடத்து வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிள்ளைகள் பையைத் தூக்கிக்கொண்டு ஒவ்வொருவராக உள்ளே போனார்கள். எண்ணினேன். பதினொன்று சரியாக இருந்தது.

நேற்று வாசலில் கம்பிப்பல்லையும் அவள் அம்மாவையும் பார்த்தேன். போட்டிக்கு வந்திராத அம்மாவின் கையில் தங்கள் இதழ். "நீங்கதானே அந்த ஒயர்ல மாட்டின பாட்டி?" என்று நல்ல மனதோடுதான் சிரித்தாள். பிள்ளை தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டு பேரும் என்னைத் தாண்டிப் போன பிறகு திரும்பிப் பார்த்தேன். அம்மாவுக்குத் தெரியாமல் பின்தங்கி நின்று, மடக்கிய குடையை முகத்துக்கு நேரே தூக்கி எனக்கு ஒரு வணக்கம் வைத்தாள். முதுகு நேராக, கண் நேராக, கோச் சொல்லிக் கொடுத்தபடியே, ஒரு பிசகும் இல்லாமல்.

ஆகவே, ஐயா, அடுத்த இதழில், அதே மூன்றாம் பக்கத்தில், அதே எழுத்தளவில், கீழ்க்கண்ட திருத்தத்தை வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்: 'சென்ற இதழில் பாட்டி என்று குறிப்பிடப்பட்டவர் பாட்டி அல்ல. அவர் போட்டியாளர். கடைசி ஆட்டத்தில் ஐந்துக்கு நாலு என்ற கணக்கில் உண்மையாகவே வெற்றி பெற்றவர்.' 'உண்மையாகவே' என்ற சொல்லைத் தயவுசெய்து விட்டுவிட வேண்டாம். நடந்தது அத்தனையும் மேலே எழுதியிருக்கிறேன், ஆதாரத்துக்கு இந்தக் கடிதத்தையே அப்படியே வெளியிட்டாலும் எனக்கு ஆட்சேபணை இல்லை.

தாங்களும் தங்கள் வீட்டாரும், நாற்காலியில் உட்கார்ந்ததற்காக நான் எந்தக் கோபமும் வைத்துக்கொள்ளாத தங்கள் மைத்துனரும், நோய்நொடி இல்லாமல், பரிசோதனைக் கூடத்துப் பக்கமே வர வேண்டிய தேவை இல்லாமல் நீடூழி வாழ வாழ்த்துகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள வாசகி,
போட்டியாளர் எண் பன்னிரண்டு

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்கு முன் ஒரு தடவை படித்துப் பார்த்தேன். இதைத் தாங்கள் வெளியிட்டால் கை கொடுக்காமல் ஓடியது யார் என்று அந்தப் பிள்ளையின் அம்மா படித்துவிடுவார். நடுவரும் படிப்பாள். ஆகவே மேலே கேட்ட எதையும் தாங்கள் செய்ய வேண்டாம். திருத்தம் வேண்டாம். நான் பாட்டிதான், பேத்தியோடுதான் வந்தேன், வழி தவறித்தான் உள்ளே போனேன், பிள்ளைகள்தான் என்னை மீட்டார்கள். தங்கள் இதழில் வந்தது வந்தபடி சரி. இதைக் கிழித்துப் போட்டிருக்கலாம். ஏழு பக்கம் எழுதிய பிறகு யாராவது ஒருவர் படித்தால் தேவலை என்று தோன்றிற்று, அதனால் அனுப்புகிறேன். படித்ததும் கிழித்துவிடுங்கள். பதில் எழுதிச் சிரமப்பட வேண்டாம். வீட்டு எண் உறைக்குப் பின்னால் இருக்கிறது, அந்தப் பக்கம் வர நேர்ந்தால் கதவை ஒரு தட்டு தட்டினால் போதும். அழைப்பு மணி வேலை செய்கிறதா இல்லையா என்று எனக்குத் தெரியாது, யாரும் அழுத்திப் பார்த்ததில்லை.